சொன்னா செய்ய மாட்டேனா?

போன ஐப்பசி மழையில் என் மனைவி நான்கு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். அலுவலகத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சோறு வடிப்பேன், ரசம் வைப்பேன், துணியை மெஷினில் போடுவேன், பாத்திரம் துலக்குவதில் கௌரவக் குறைச்சல் பார்க்கிற ஆளும் இல்லை. முதல் நாள் நன்றாகவே போயிற்று. இரண்டாம் நாள் காலை ஏழரைக்கு மகள் வெள்ளை யூனிஃபார்ம் எங்கே என்று கேட்டாள். அது அழுக்குக் கூடையில் கிடந்தது. அன்று பி.டி. பீரியட் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அம்மாவின் தைராய்டு மாத்திரை அட்டை காலி. அன்று இரவு தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால், பாத்திரத்தின் அடியில் இரண்டு கரண்டி மாவு. அரிசியை ஊறப்போட்டிருக்க வேண்டியது முந்தின நாள் மத்தியானம். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து காய்ச்சல் குரல் வந்தது: "ஏங்க, கேஸ் புக் பண்ணிட்டீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? சொன்னா செய்ய மாட்டேனா?"

இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது சொல்லாத கணவனை நான் பார்த்ததில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்வதும் இல்லை. சொல்லும்போது நம்மை நாமே கொஞ்சம் மெச்சிக்கொள்ளக்கூடச் செய்கிறோம். ஆனால் அதைக் கேட்கிற பெண்ணின் முகம் மாறுகிறது. 'எப்பப் பாரு சிடுசிடுப்பு' என்று அந்த முக மாற்றத்தைக் குணக் கணக்கில் எழுதிவிடுகிறோம். நேரக் கணக்கில் எழுத வேண்டியது அது என்பது என் எண்ணம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

கணக்கு நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. இந்திய மக்கள் நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அரசு முதலில் 1998-99இல் ஆறு மாநிலங்களில் வெள்ளோட்டமாக அளந்து பார்த்தது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. நாடு தழுவிய முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் நடந்தது. 1,38,799 வீடுகள், ஆறு வயதுக்கு மேற்பட்ட நாலரை லட்சம் பேர். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடம். இது வேலை செய்கிற ஆண்களின் சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்களில் 81 சதவீதம் பேர் அந்த வேலையில் இருந்தார்கள், ஆண்களில் 26 சதவீதம் பேர்தான். 2024இல் மறுபடியும் அளந்தார்கள். பெண்ணுக்கு 289 ஆயிற்று, ஆணுக்கு 88. ஐந்தாண்டு கழித்துப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சம், நமக்கு ஒன்பது நிமிடம் மிச்சம். சமத்துவம் இப்படியும் வரும் போலிருக்கிறது.

இந்த எண்களை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவை எப்படி எடுக்கப்பட்டன என்பது எனக்கு எண்களைவிடச் சுவாரசியமாகப் பட்டது. விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் விடியற்காலை 4 மணி வரை, நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் பல வேலை நடந்திருந்தால், பத்து நிமிடமாவது நீடித்தவற்றில் அதிகபட்சம் மூன்றைக் குறித்துக்கொள்வார்கள். சமைத்தேன், துணி துவைத்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன் எல்லாம் இந்தக் கட்டத்துக்குள் அடங்கும். துணி துவைத்துக்கொண்டே 'நாளைக்கு அமாவாசை, வாழைக்காய் வாங்கணும். மாமியாருக்கு மாத்திரை இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் வரும். ஸ்கூல் குரூப்பில் ஏதோ சார்ட் பேப்பர் என்று போட்டிருந்தார்களே' என்று ஓடுகிற ஓட்டம் எந்தக் கட்டத்தில் அடங்கும்? அதற்குப் பத்து நிமிடம் தேவையில்லை. பத்து விநாடி போதும். ஒரு நாளில் அந்தப் பத்து விநாடி எத்தனை தடவை வருகிறது என்று யாரும் எண்ணவில்லை, வந்துபோகிறவளும் எண்ணுவதில்லை.

இட்லியைப் பாருங்கள். சாப்பிடுகிறவன் கண்ணுக்கு அது பத்து நிமிடச் சமையல். மாவை ஊற்றி, அடுப்பில் ஏற்றி, இறக்கினால் ஆயிற்று. ஆனால் திங்கள் காலை எட்டு மணி இட்லி, ஞாயிறு மத்தியானமே தொடங்கிவிடுகிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, நாலு மணி நேரம் ஊறல், சாயங்காலம் அரைப்பு, ராத்திரி முழுக்கப் புளிப்பு. மாவைப் பொங்கவைக்கிற நுண்ணுயிருக்கு ஞாயிறும் தெரியாது திங்களும் தெரியாது; சூடு ஒன்றுதான் தெரியும். சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்து நிற்கும். மார்கழியில் விடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். ஆகவே மார்கழியில் முன்னதாகவே அரைத்துவிட வேண்டும், சித்திரையில் ராத்திரி ஒருமுறை எழுந்து பார்த்து ஃப்ரிட்ஜில் எடுத்துவைக்க வேண்டும். மின்வெட்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திங்கள் வீட்டில் யாருக்கு விரதம், யாருக்கு முதல் ஷிப்ட் என்பதும் இதற்குள் வர வேண்டும். கையால் செய்கிற வேலை ஒரு மணி நேரம்கூட இருக்காது. அதைச் சுமந்துகொண்டிருக்கும் நேரமோ இருபது மணி.

அலிசன் டேமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சுமப்பைப் பிரித்துக் காட்டியது. 35 தம்பதிகள், கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்து மொத்தம் 70 நேர்காணல்கள். வீட்டு வேலையின் சிந்தனைப் பகுதியில் நான்கு படி இருப்பதாக அவர் சொன்னார். தேவை வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு ஒழுங்காக நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கிற படியில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் சேர்ந்தே நிற்கிறார்கள். முதல் படியும் கடைசிப் படியும் பெண்கள் தலையில்தான் அதிகம் விழுகின்றன. அவை படித்த, நடுத்தர வர்க்கத்து அமெரிக்கக் குடும்பங்கள், இட்லி அரைக்காதவை. ஆனாலும் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கூடம்தான் கண்ணில் வந்தது. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். விண்ணப்பம் என்றைக்குத் தருகிறார்கள் என்று மூன்று மாதமாக விசாரித்துக்கொண்டிருந்தது நான் இல்லை.

இப்போது என் வாக்கியத்துக்குத் திரும்பலாம். 'சொன்னா செய்ய மாட்டேனா' என்பவன், வேலையின் நடுத் துண்டை மட்டும் கேட்கிறான். எப்போது, எவ்வளவு, எதற்குப் பிறகு என்பதைக் கண்டு சொல்வதும், சொன்னது நடந்ததா என்று பார்ப்பதும் அவளிடமே இருக்கட்டும் என்கிறான். சொல்வதுதான் வேலையே. அதோடு சொல்லும் குரலுக்கு என்ன பெயர் கிடைக்கிறது? முதல் தடவை சொன்னால் ஞாபகப்படுத்தல், மூன்றாம் தடவை சொன்னால் நச்சரிப்பு.

இயந்திரம் வந்தால் சுமை இறங்கும் என்று நம் தலைமுறை நம்பியது. பொய்யென்று சொல்ல முடியாது. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து ஆட்டிய கையின் வலி தெரிந்தவர்கள் யாரும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டார்கள். கோயம்புத்தூரில் 1950களில் பிறந்த வெட் கிரைண்டர் பின்னர் அந்த ஊரின் புவிசார் குறியீடாகவே ஆயிற்று. 2011இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுத்தது. ஆனால் ஆட்டுக்கல் காலத்தில் பல வீடுகளில் இட்லி என்பது தீபாவளிப் பலகாரம், அல்லது விருந்தாளி வந்தால் செய்வது. மற்ற நாளில் பழைய சோறும் கூழும். கிரைண்டர் வந்ததும் இட்லி தினசரி ஆயிற்று. தினசரி ஆனதும் அலுத்துவிட்டது. அலுத்ததும் 'இன்னிக்கும் இட்லியா?' என்ற கேள்வி பிறந்தது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய நூல் ஒன்றில், அமெரிக்க வீடுகளில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இதுவே நடந்ததைக் காட்டியிருக்கிறார். இயந்திரம் உழைப்பைக் குறைத்தது. வாரம் ஒருமுறை மாற்றிய சட்டையைத் தினம் மாற்றும்படி தரம் ஏறியது. மிச்சமான நேரம் அங்கேயே கரைந்துபோயிற்று. கோவன் கிரைண்டரைப் பார்த்திருந்தால் ஓர் அத்தியாயம் கூடியிருக்கும்.

சிலிண்டரும் அப்படித்தான். விறகடுப்புப் புகையிலிருந்து அது பெண்களை மீட்டது; மறுக்க முடியாது. ஆனால் இணைப்பு பல வீடுகளில் கணவன் பெயரில் இருக்கிறது, அவர் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வருகிறது. சிலிண்டர் பையன் வாசலில் நிற்கிறான், கணவர் மீட்டிங்கில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. பையன் முகம் சுளிக்கிறான். அந்தச் சுளிப்பை வாங்கிக்கொள்வது அவள். கணவர் இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு "என்ன, எத்தனை மிஸ்டு கால்?" என்கிறார். அவள் பதில் சூடாகத்தான் இருக்கும். அவருக்கு அது எங்கிருந்து வந்த சூடு என்று தெரியாது.

இந்த வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ள நம் அரசு நிறுவனங்களுக்கும் காலம் பிடித்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து உற்பத்தியில் ஈடுபடாதோர் பட்டியலில் வைத்திருந்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் வந்த கண்டனம் அது. செத்த பிறகு அவள் உழைப்புக்கு விலை போடும் கட்டாயம் வந்தபோதுதான் கேள்வி எழுந்தது. உயிரோடு இருக்கும்போதே அதற்கு விலை சொன்ன தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து 2023 ஜூனில் வந்தது. வளைகுடாவில் பல ஆண்டு வேலை பார்த்துப் பணம் அனுப்பிய கணவர், அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கு உரிமை இல்லை என்று தொடுத்த வழக்கு. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்து சேரக் காரணம், அவளுக்குச் சம பங்கு உண்டு என்றார். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அவர் அந்த உழைப்பை விவரித்த விதம். சமைப்பதையும் துவைப்பதையும் சொல்லிவிட்டு நிறுத்தாமல், திட்டமிடுதல், வரவு செலவு பார்த்தல், சமையலறைச் சரக்கின் இருப்பைக் கவனித்தல் என்று போகிறார். அரை மணிக் கட்டத்தில் அடங்காதது நீதிமன்றக் காகிதத்தில் அடங்கியிருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் 1 கோடியே 6 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் போகத் தொடங்கியது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ரேஷன் கார்டில் கணவனோ மாமனாரோ குடும்பத் தலைவராக இருந்த வீட்டிலும் 'குடும்பத் தலைவி' என்ற சொல் வங்கிக் குறுஞ்செய்தி வழியாக வந்து சேர்ந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிய வீட்டுப் பெண்ணுக்குத் தொகை இல்லை என்ற நிபந்தனையோ அதை மறுபடி வறுமை ஒழிப்புத் திட்டமாக்கிவிடுகிறது. உழைப்புக்கான உரிமை என்றால் வருமான வரம்பு எதற்கு? கஜானா எதற்கு என்று சொல்லும், அதுவும் புரிகிறது.

பணமும் தீர்ப்பும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அது உடம்பு. நம் பெண்கள் மனசு சரியில்லை என்று மருத்துவரிடம் போவது குறைவு. 'உடம்பெல்லாம் அசதி', 'தலை பாரமா இருக்கு', 'படபடன்னு வருது', 'எந்திரிக்கவே முடியல' என்றுதான் போகிறார்கள். மருத்துவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரும்புச் சத்து மாத்திரை எழுதுகிறார். ரத்தச்சோகை நம்மிடம் அதிகம், எழுதுவது தவறும் இல்லை. ஆனால் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் சகாக்களும் கோவாவில் 18 முதல் 50 வயது வரையிலான பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த அசதி 12.1 சதவீதப் பெண்களிடம் இருந்தது. அந்த அசதிக்கும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. மன அழுத்தம், வறுமை, கணவனின் வன்முறை ஆகியவற்றோடு இருந்தது. அதே குழு வெள்ளைப்படுதலை ஆராய்ந்தபோதும் தொற்றைவிட மன உளைச்சலோடுதான் அந்தப் புகார் நெருக்கமாக இருப்பதைக் கண்டது. இவர்கள் உடம்பைச் சாக்காகச் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அசதி அசதிதான். வீட்டில் 'எனக்கு அலுத்துப்போச்சு' என்றால் கேட்க ஆளில்லை, 'எனக்கு உடம்பு முடியல' என்றால் ஒரு நாளாவது படுக்க விடுவார்கள். எந்த மொழிக்கு மரியாதை இருக்கிறதோ அந்த மொழியில் உடம்பு பேசுகிறது.

இதன் கடைசி முனையைத் தொடாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவின்படி 2021இல் இந்தியாவில் தற்கொலையில் இறந்த பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள். பாதிக்கு மேல். அந்த ஆண்டின் மொத்தத் தற்கொலைகளுக்குக் காரணமாகக் குறிக்கப்பட்டவற்றில் முதலிடம் 'குடும்பப் பிரச்சினைகள்', மூன்றில் ஒரு பங்கு. திருமணப் பிரச்சினைகளுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. வரதட்சிணை, விவாகரத்து எல்லாம் அதில் போய்விடும். அப்படியானால் இந்தப் பெரிய பத்திக்குள் என்ன இருக்கிறது? காவல் நிலையத்தில் யாரோ ஒருவர் எழுதிய அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் போய்ப் பார்க்க வழியில்லை. வீட்டு வேலைதான் காரணம் என்று சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சு. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனால் அன்றாடச் சச்சரவு என்று நாம் ஒதுக்கிவைத்தது, உயிர்க்கணக்கு எழுதுகிற இடத்தில் முதல் வரியில் நிற்கிறது. தாங்க முடியாத நேரத்தில் பேச, 2022 முதல் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண் இரவு பகல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். சென்னையில் ஸ்நேகா அமைப்பு 1986 முதல் இப்படிக் காது கொடுத்துவருகிறது.

ஆண்களுக்கு எரிச்சல் இல்லையா என்றால், இருக்கிறது. மாதத் தவணை ஐந்தாம் தேதி எடுபடுமா என்ற பயம், ஜி.எஸ்.டி. சாலையில் ஒன்றரை மணி நேரம், மேலாளரிடம் வாங்கிய பேச்சு. அதைக் கொட்டவும் இடமில்லாமல் வீட்டில்தான் கொட்டுகிறது. நண்பர் ஒருவரின் புகாரை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: "நான் துலக்கின பாத்திரத்தை மறுபடி எடுத்துத் துலக்குறாங்க. அப்புறம் ஏன் துலக்கணும்?" நியாயமான புகார். ஒப்படைத்த பிறகும் கண்காணிப்பை விடுவதில்லை பெண்கள் என்கிறது டேமிங்கரின் நாலாம் படி. வெகுநாள் இதைப் பெண்களின் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவம் அந்த நினைப்பைக் கலைத்தது.

காய்ச்சல் தெளிந்த பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மூன்று விஷயத்தை நான் முழுசாக எடுத்துக்கொள்வது. அம்மாவின் மாத்திரை, சிலிண்டர், மாவு. முழுசாக என்றால் ஞாபகம் உட்பட. அவள் சொல்லக் கூடாது, நான் கேட்கக் கூடாது. மாத்திரையும் சிலிண்டரும் போனில் அலாரம் வைத்துச் சமாளித்தேன். மாவுக்கும் அலாரம் இருந்தது. மூன்றாவது ஞாயிறு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது அது அடித்தது. அணைத்தேன். ஓவர் முடியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் ஞாபகம்.

அவள் சாயங்காலம் சமையலறைக்குப் போனாள். அரிசி டப்பா திறக்காமல் இருந்ததைப் பார்த்திருப்பாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தம் அப்படி. அந்த மௌனத்துக்கு அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

திங்கள் காலை நான் ரவையை வறுத்து உப்புமா கிண்டினேன். அம்மா தட்டைப் பார்த்தார். எதிரே கரண்டியோடு நின்றது நான். ஆனால் அம்மா திரும்பியது, வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவளின் பக்கம்.

"ஏம்மா, இன்னிக்கு இட்லி இல்லியா?"

"மாவு இப்ப அவர் பொறுப்பு அத்தை. மறந்துட்டார்."

அம்மா உப்புமாவை ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கலாமேம்மா."